பூலாம்பாறை அருவியின் உயரம்

பூலாம்பாறை ஒன்றியத்தின் ஆழம், காற்று, உயரம் ஆகிய மூன்றையும் அளந்து சொல்லத் தக்கவர் ஜீப் ஓட்டுநர் சீனிச்சாமி ஒருவரே. அவரிடம் அளவுகோல் இல்லை என்பது மட்டுமே குறை. ஐந்தடிக்கும் சற்றுக் குறைந்த அம்மனிதரின் ஜீப், சவாரியின்றி ஆறு மாதமாக முருகாயியின் டீக்கடை வாசலில் நின்றது. மாவட்டச் சுற்றுலாக் கையேட்டில் ஒன்றியத்துக்கு ஒரு பக்கம் கிடைத்தால் ஆள் வரும்; கிடைக்காவிட்டால் ஜீப்பை விற்க வேண்டியதுதான். இந்நிலையில், கையேடு எழுதும் அலுவலர் திலகவதி குறிப்பேட்டுடன் பேருந்திலிருந்து இறங்கவே, சீனிச்சாமி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எதிர்கொண்டார்.

ஏரியைப் பற்றி அடக்கமாகத்தான் தொடங்கினார். சென்ற ஆடியில் அங்கே ஒரு விராலைக் கரையேற்றியதும் தண்ணீர் மூன்று முழம் இறங்கிவிட்டதாம். பாசனக்காரர்கள் மனுவோடு வந்து நின்றதால் மீனைத் திரும்ப விட நேர்ந்ததாம். திலகவதி முகம் மாறாமல் எழுதிக்கொண்டார்.

எழுதுகிற கையைக் கண்டதும் சீனிச்சாமிக்கு உற்சாகம் பிறந்தது. பேச்சிலேயே காற்றுக் கணவாய்க்கு ஏறினார். அங்கே சேவல் கூவினால் அந்தக் கூவலைக் காற்று அள்ளிப்போய் அடுத்த மாவட்டத்தில்தான் போடும். அவர்கள் நம் சேவலுக்கு விழிக்கிறார்கள், நாம் வெயில் சுட்ட பிறகே எழுகிறோம் என்றார்.

"அண்ணே, ஒங்களுக்கு வெயில் சுட்டாலும் விடியாதே," என்றாள் முருகாயி, டீயை ஆற்றியபடி.

அதைக் காதில் வாங்காமல் அருவிக்குத் தாவினார். ஐப்பசியில் உச்சியை விட்ட தண்ணீர் தரையைத் தொடுவதற்குள் தை பிறந்துவிடும். அவ்வளவு உயரத்திலிருந்து தலையில் இறங்கினால் உடம்பு என்னாவது? மதுரையிலிருந்து வந்த ஒருவர் குளித்து முடித்து, பேண்டை நான்கு விரற்கடை மடித்துவிட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

"போன வாரம் ரெண்டு விரக்கடைன்னீங்க."

"அவரு அவசரமாக் குளிச்சவரு, தாயி. இவரு சோப்புப் போட்டுக் குளிச்சாரு."

திலகவதி அதையும் எழுதிக்கொண்டு, நேரில் பார்த்துவிடலாம் என்று ஜீப்பில் ஏறினார். ஏரியில் எருமைகள் முழங்கால் நனைய நின்றன. கணவாயில் சேவலின் இறகுகூட அசையவில்லை. அருவி, குழாயை இறுக்கி மூடாததுபோல ஒழுகிக்கொண்டிருந்தது. அலுவலர் கயிறு விட்டு அளந்தார். கையேட்டில் கிடைக்கவிருந்த பக்கம் போயிற்று என்று திரும்பும் வழியெல்லாம் சீனிச்சாமி வாய் திறக்கவில்லை. பூலாம்பாறை கண்ட பெரிய அதிசயம் அதுதான் என்று முருகாயி இன்றும் சொல்வாள்.

இரண்டு மாதத்தில் கையேடு வந்தது. முருகாயி உரக்கப் படித்தாள்: "ஏரி, முழங்கால் ஆழம். கணவாய், இளங்காற்று. அருவி, பதினெட்டு அடி; மழைக்காலத்தில் மட்டும். ஜீப் ஓட்டுநர் சீனிச்சாமி சொல்லக் கேட்டுவிட்டுப் போனால் மூன்றும் காணத் தக்கவை."

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் சீனிச்சாமியா? புத்தகத்துல படிச்சப்போ நல்லா உசரமா இருப்பீங்கன்னு நெனச்சோம்."

சீனிச்சாமி ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஆறடி இருந்தவன்தாம்மா. என்ன செய்ய, பொறந்ததுலருந்து அந்த அருவியிலதான குளிக்கேன்."