மருந்து என்று சொல்லாமல்

“மூணு நாளா அந்த ஸ்லைடு உங்க மேசையிலயே கிடக்கு மேடம். இன்னும் அதுல என்ன பார்க்கிறீங்க?”

கேட்டவர் டாக்டர் தணிகாசலம். வயது நாற்பத்தாறு. இருபது வருடம் கிராமத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலும் பாம்புக்கடியும் பார்த்துவிட்டு, ரத்த நோய்களைப் படிக்க வந்த மாணவர்.

குரு டாக்டர் ஷாஜிதாவுக்கு முப்பத்தொன்பதுதான். மாணவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அப்படித்தான்.

ஷாஜிதா மைக்ராஸ்கோப்பை அவர் பக்கம் தள்ளினார்.

“நீங்களே சொல்லுங்க சார்.”

தணிகாசலத்துக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி.

“முத்துப்பேச்சி, நாற்பது வயசு. ஸ்கூல் வேன் ஓட்டுறாங்க. சிவப்பணு கம்மி, வெள்ளையணுவும் கம்மி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்துறோம். இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தேன். ஐந்நூறு செல்லை ஒண்ணொண்ணா எண்ணினேன். ரத்தம் ஊறுற இடமே கெட்டுப்போச்சு மேடம். விட்டா புற்றுநோயாகும். தம்பியோட மஜ்ஜை பொருந்துது. அடுத்த மாசம் மாத்திடலாம்.”

மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அந்தக் குடும்பத்திடமும் இதையேதான் சொல்லியிருந்தார். தம்பி இசக்கிராஜா பார்த்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். மஜ்ஜை மாற்றிக்கொள்ளப் போகிற எல்லோரும் பிழைத்து வந்துவிடுவதில்லை. அதை மட்டும் தணிகாசலம் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருந்தார்.

“இந்த இளம் செல்லுக்குள்ள பொத்தல் பொத்தலா இருக்கே, அது என்ன?”

“எடுத்த மஜ்ஜை குழாய்ல ரொம்ப நேரம் கிடந்தா அப்படி ஆகும் மேடம்.”

“எவ்வளவு நேரம் கிடந்துச்சு?”

தணிகாசலம் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

கட்டில் பக்கத்திலேயே நின்று, எடுத்த கையோடு ஸ்லைடில் தடவியவர் அவரேதான்.

“போய் அந்தம்மாகிட்ட பேசிட்டு வாங்க சார். ‘மருந்து’ங்கிற வார்த்தை மட்டும் உங்க வாயில வரக்கூடாது.”

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“கேட்டேன் மேடம். எந்த மருந்தும் சாப்பிடுறதில்லையாம்.”

ஷாஜிதா கதவைக் கை காட்டினார்.

மனிதருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. தன்னைவிட ஏழு வயது சின்னவரிடம் இப்படியா என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படியிறங்கும்போது முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்.

வார்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வார்டில் அவர் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

“காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் உங்க வாய்க்குள்ள என்னென்ன போகுதும்மா? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

முத்துப்பேச்சி சிரித்தாள்.

“என்ன சார், பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி கேக்கிய? காலைல ஒரு காப்பி. எட்டு மணிக்கு ரெண்டு இட்லி. அப்புறம் சத்து மாத்திரை. மத்தியானம் சோறு, சத்து மாத்திரை. ராத்திரி தோசை, சத்து…”

“இருங்க, இருங்க. எந்த மருந்தும் சாப்பிடலைன்னு இப்பதானே சொன்னீங்க?”

“அது மருந்தா சார்? சத்துல்லா!”

தலையணைக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஜிங்க் மாத்திரை.

“கொரோனா காலத்துல குடுத்தாங்க. தெருவே படுத்துச்சு, எனக்கு ஒரு தும்மல் கூட வரல. அதுல இருந்து விடல. நாலு வருசமா கடையில வாங்கித்தான் போடுதேன், நாளைக்கு மூணு. பக்கத்துக் கட்டில் அக்காவுக்குக்கூட நேத்து ஒண்ணு குடுத்தேன்.”

தணிகாசலம் முதலில் பக்கத்துக் கட்டில் அக்காவிடம் ஓடினார். பிறகு தொப்பை குலுங்க மூன்று மாடி ஏறினார்.

ஜிங்க் அளவு மீறிப் போனால் உடம்பு செம்பை உள்ளே சேர்க்காது. செம்பு இல்லாத மஜ்ஜைக்கு ரத்தம் செய்ய வராது. செல்லெல்லாம் பொத்தல் விழும். புற்றுநோய்க்கு முந்தைய நோய் போலவே வேஷம் கட்டி நிற்கும். அவருக்கு இது எல்லாமே தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தார்.

அட்டையை மேசைமேல் வைத்தார். “நாளைக்கு மூணு மேடம், நாலு வருசமா!” என்றார், மூச்சு வாங்க.

ஷாஜிதா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடனே ரத்தத்தில் செம்பு பார்க்க எழுதிக் கொடுத்தார்.

நான்காம் நாள் முடிவு வந்தது. செம்பு பேருக்குக்கூட இல்லை. அவ்வளவு மோசமான ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் வராந்தாவில் துள்ளிக் குதித்ததை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் பார்த்ததில்லை.

மாத்திரையை நிறுத்தினார்கள். செம்புச் சத்து ஏற்றினார்கள். இரண்டாம் வாரம் வெள்ளையணு தலைதூக்கியது. நான்காம் வாரம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஆறாம் வாரம் எல்லா அணுக்களும் சொல்லி வைத்தாற்போல் வரிசைக்கு வந்து நின்றன.

“அப்ப என் மஜ்ஜை சார்?” என்றான் இசக்கிராஜா.

“நீயே பத்திரமா வச்சுக்கப்பா!” என்று தணிகாசலம் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முத்துப்பேச்சி அழுதாள், சிரித்தாள், திங்கட்கிழமை வேன் எடுக்கலாமா என்று கேட்டாள். வார்டே கைதட்டியது.

தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவின் அறைக்குப் போனார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். அந்தப் பொத்தலைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னைச் சோதிக்கத்தானே வார்டுக்கு அனுப்பினீங்க?”

ஷாஜிதா நிமிர்ந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“ஏதோ உள்ள போகுதுன்னு சந்தேகம்தான். தெரிஞ்சிருந்தா உங்களை எதுக்கு சார் அனுப்பறேன்? நானே ஓடிப்போய் அந்தம்மாகிட்ட சொல்லியிருக்க மாட்டேனா?”