எட்டாவது கூடு

"அம்மா, என் முந்திரி மரம் என்னை மதிக்கவே மாட்டேங்குது."

சொன்னவர் தனபூபதி, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கேட்டவள் அஞ்சலாட்சி. அவரைவிட இருபது வயது இளையவள். பண்ருட்டிப் பக்கம், மருந்தே அடிக்காமல் வீட்டுக் கொல்லையில் முந்திரி காய்க்க வைப்பவள்.

அதனால் அவர்தான் சீடர்.

"என்ன ஆச்சு ஐயா?"

"பூத்தது பூரா கருகுது. மருந்துக்கடைக்காரர் 'ஒரே அடி சார், பூச்சி குடும்பத்தோட காலி'ன்னார். மூணு அடி அடிச்சேன். குடும்பத்தோட வந்து உக்காந்துடுச்சு."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

தனபூபதி இடுப்பில் கை வைத்து, கழுத்தை வெட்டி, மனைவியாகவே மாறினார்.

"'ஒண்ணு கொட்டை, இல்ல விறகு! அடுத்த பூவும் கருகட்டும், ரம்பக்காரனைக் கூப்பிடுறேன்!'"

அஞ்சலாட்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாங்க, என் மரத்தைக் காட்டுறேன். அதைப் பார்த்தாலே போதும்."

"பார்த்துட்டேம்மா. நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள, குருவுக்கு ஒரு சின்னத் தொண்டும் செஞ்சு முடிச்சுட்டேன்."

"என்ன தொண்டு?"

"மரம் பூரா முசுறு எறும்பு. இலையை இலையோட தச்சு, பந்து பந்தாக் கூடு. உங்களைக் கடிக்குமேன்னு மனசு கேக்கல. கழியில துணியைச் சுத்தி, மண்ணெண்ணெய் தொட்டு..."

சிரிப்பு நின்றது.

"எத்தனை?"

"ஏழு. எட்டாவது உச்சாணில இருந்துச்சு. எட்டல."

அவள் ஓடினாள். ஈரக் கூந்தல் முதுகில் அடித்தது.

மரத்தடியில் ஏழு கரிக்கட்டிகள். இன்னும் புகைந்துகொண்டிருந்தன.

அவள் கத்துவாள் என்று தனபூபதி காத்திருந்தார்.

அவள் ஒரு பூங்கொத்தைக் காட்டினாள். நீளக் கால்களோடு கொசு மாதிரி ஒரு பூச்சி அதில் உட்கார்ந்து, சாவகாசமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"உங்க பூவைக் கருக்குறது இதுதான். என் மரத்துல இது உக்காந்து நான் பார்த்ததே இல்ல. ஒரு நிமிஷம் நின்னாலே தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"யாரும்மா?"

அவள் கரிக்கட்டிகளைப் பார்த்தாள்.

 

"உங்க மரத்துல முசுறு இருந்துச்சா ஐயா?"

"போன வருஷமே... எல்லாத்தையும் நானே..."



அஞ்சலாட்சி புடவையைச் செருகிக்கொண்டு மரம் ஏறினாள். உச்சாணிக் கூட்டைக் கிளையோடு ஒடித்தாள். துணிப்பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, இறங்கி வந்து நீட்டினாள்.

"கொண்டு போங்க. உங்க மரத்துல கட்டுங்க."

"இது கடைசிக் கூடும்மா!"

"ஆமா."

"அப்ப உங்க மரத்துக்கு?"

"கேட்டு வந்தது நீங்கதானே ஐயா."

பை அவர் கையில் குறுகுறுத்தது.

தனபூபதி வேட்டியை மடித்துக் கட்டினார். அறுபத்து மூன்று வயது. மரம் ஏறி நாற்பது வருஷம் ஆகியிருக்கும். பையோடு அவள் மரத்திலேயே ஏறினார்.

மேலே போய்ப் பையை அவிழ்த்தார். கூட்டைக் கிளையோடு சேர்த்துக் கட்டினார். சிவப்பாக எறும்புகள் கையில் ஏறின. கழுத்தில், காதில், இமையில்.

"ஐயையோ, தட்டி விடுங்க ஐயா!"

மேலிருந்து, கண்ணை மூடியபடியே சொன்னார்.

"வேணாம்மா. ஒண்ணு விழுந்தாலும் குறைஞ்சிடும்."