கடைசி வரிசைக்கு ஒரு வயர்

போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கு. பகலெல்லாம் பெண்கள் அங்கே உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அதே தரையைக் கூட்டிப் பாய் விரித்தால் அது பவுன்தாய் அம்மாவின் சபை. கொஞ்ச நேரம் தியானம், பிறகு ஓர் இசைத்தட்டு. அவ்வளவுதான். உபதேசம் கேட்க வந்தவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

அம்மாவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய மூத்த சீடர் தெய்வேந்திரன், பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் முழுக்க அவரை சார் என்றுதான் கூப்பிடும். குருவும் அப்படியே கூப்பிட்டார்.

சபையில் இருந்த பாட்டுப்பெட்டி சாருடைய சொந்தப் பெட்டி. கல்யாணமான புதிதில் வீட்டுக்காக வாங்கியது. வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர், தட்டு சுழலும் மேசை, இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். ரிமோட் கிமோட் எல்லாம் அந்தக் காலத்தில் ஏது? சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ கையால்தான் குமிழைத் திருக வேண்டும். அதற்காகவே சார் பெட்டியை ஒட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி உட்காருவார். குமிழுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். குமிழ் அதைத் தாண்டினால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்று அவருக்குப் பயம். வேறு யாரும் அதைத் தொடவும் கூடாது. பெற்ற பிள்ளைகளைக்கூட இவர் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை என்று அவர் மனைவியே சொல்வதுண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை சபை கலைந்ததும் சார் அம்மாவிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“அம்மா, ஒண்ணு அவங்க இருக்கட்டும், இல்ல என் பெட்டி இருக்கட்டும்.”

“யாரு சார்?”

“கடைசி வரிசைதான். அந்தச் செவனம்மாவும் அவங்க கூட்டமும். இங்க புல்லாங்குழல் உருகுது. அவங்க பாட்டுக்குக் குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருக்காங்க. அடுத்த வாரத்துலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க. முடியாதுன்னா நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடறேன்.”

செவனம்மா அதே கிடங்கில் காய் பொறுக்குகிறவள். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பாட்டுக்காகவே தங்குவாள். வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

“என்ன பேசிக்கிறாங்க?” என்று அம்மா கேட்டார்.

“எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்க இருக்கேன்.”

“அங்க போய் உட்கார்ந்து கேட்டுட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் அனுப்பிடலாம்.”

“பெட்டியை யாரு பார்த்துக்கறது?”

“அங்கேருந்தே பார்த்துக்குங்க.”

சாருக்கு இது சவாலாகப் பட்டது. மலை உச்சிக்கெல்லாம் மின்சாரம் கொண்டுபோன மனிதர் அவர். ஒரு கூடத்தைக் கடப்பதா பெரிய காரியம்? முதலில் குமிழில் தூண்டில் நரம்பைக் கட்டிச் சுவரோரமாக இழுத்துப் பார்த்தார். குமிழ் திரும்பவில்லை, பெட்டிதான் நகர்ந்து வந்தது. பதறிப்போய் அதை விட்டுவிட்டார். பிறகு பேரனின் பொம்மைக் காரைப் பிரித்து மோட்டாரை எடுத்தார். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மோட்டாரையும் குமிழையும் பிணைத்தார். மோட்டாரிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் வயர் ஓடியது. வயர் நுனியில் இரண்டு பேட்டரியும் ஓர் அழைப்புமணி சுவிட்சும். அமுக்கினால் குமிழ் மெல்லத் திரும்பும்.

ஆனால் ஒரு பக்கம்தான் திரும்பும், சத்தம் குறைகிற பக்கம். சார் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார். அவர்கள் பேசுகிற நேரம் பார்த்துப் பாட்டைக் குறைத்துவிட்டால் அவர்கள் குரல் மட்டும் கூடத்தில் தனியாகக் கேட்கும். மானம் போகும், வாயை மூடிக்கொள்வார்கள். இதை நினைத்து நினைத்து அவர் சாப்பிடும்போதுகூடச் சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சார் குமிழைக் கோட்டில் நிறுத்தினார். தட்டில் முள்ளை வைத்துவிட்டு, கூட்டத்தைத் தாண்டிப் போய்ச் செவனம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எழுந்து ஒரு சாக்கை மடித்து அவருக்குப் போட்டாள்.

சார் காத்திருந்தார். பாட்டு வரவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்றது. இரு பக்கச் சுவரையும் மறைத்து மூட்டைகள் அடுக்கியிருந்தன. வால்வு இன்னும் சூடேறவில்லையோ என்று நினைத்தார். எட்டிப் பார்த்தால் முன்வரிசையில் அம்மாவின் தலை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அங்கே பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

செவனம்மா பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தாள். சார் சுவிட்சில் விரலை வைத்தார்.

“இன்னைக்கு ஒண்ணும் பிடிபடலடி.”

“என்ன பிடிபடல?” என்றார் சார்.

“பாட்டு எங்கன போய்க்கிட்டிருக்குன்னுதேன் சார். நீங்க முன்னாடி இருந்தா உங்க மூஞ்சியப் பார்த்துக் கண்டுபிடிச்சுருவோம். கண்ண மூடினீகன்னா மெதுவா ஊதுறாக. தலைய ஆட்டினீகன்னா நல்ல இடம் வந்திருச்சு. அதத்தேன் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கிருவோம். இன்னைக்கு நீங்க இங்கன வந்து உக்காந்துட்டீக.”

“உங்களுக்குப் பாட்டே கேக்கலையா?”

“இங்கன என்னைக்கு சார் கேட்டுச்சு?”

“ஏன் சொல்லல?”

“சொன்னோமே. இதுக்கு மேல வெச்சா ஸ்பீக்கர் கிழிஞ்சுரும்னு சொன்னீக. சரி, அம்புட்டுத்தேன் அதோட சத்தம்னு இருந்துட்டோம்.”

சாருக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு காலமும் தன் முகத்தையா இவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? உடனே சத்தத்தைக் கூட்ட வேண்டும் போலிருந்தது. கையில் இருந்ததோ குறைக்க மட்டும் தெரிந்த சுவிட்ச். எழுந்து அத்தனை பேரையும் தாண்டிப் போவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

பேட்டரிகளைப் பிடுங்கினார். தலைகீழாகத் திருப்பிப் போட்டார். அவசரத்தில் ஒன்று தரையில் உருண்டது. செவனம்மா எடுத்துக் கொடுத்தாள்.

“எதுக்கு சார் திருப்பிப் போடுறீக?”

அவர் சுவிட்சை அமுக்கினார்.

தூரத்தில் குமிழ் எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. கோட்டைத் தாண்டியது. சார் விரலை எடுக்கவில்லை. முதலில் மெல்லிய ஓர் இழை மட்டும் வந்தது. பிறகு ஊதுகிறவரின் மூச்சு கேட்டது. பிறகு குழல் முழுசாக எழுந்து மூட்டைகளைத் தாண்டி, மின்விசிறியை அமுக்கிக்கொண்டு கடைசிச் சுவர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

“ஏறுது! ஏறுது!” என்று சார் கத்திவிட்டார்.

அன்றைக்குப் பாட்டுக்கு நடுவில் பேசியவர் அவர் ஒருவர்தான். செவனம்மா நெஞ்சில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் ஒரு வாய் திறக்கவில்லை. ஸ்பீக்கரும் கிழியவில்லை. முன்வரிசைக்காரர்கள்தான் காதைப் பொத்திக்கொண்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். முதல் ஆளாக வந்தது அம்மா.

பாட்டு முடிந்தது.

“சார், இன்னொருக்கா” என்றாள் செவனம்மா. வரிசை முழுக்க அதையே சொன்னது.

யாரோ ஓடிப்போய் முள்ளை மறுபடி தட்டின் தொடக்கத்தில் வைத்தார்கள். யார் தொட்டது என்றுகூட சார் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியிருந்தது. சுவிட்சைச் செவனம்மாவின் கையில் வைத்தார்.

“எவ்வளவு வேணுமோ அவ்வளவு வெச்சுக்கோங்க.”

சபை கலைந்த பிறகு சார் பெட்டியிடம் போய்ச் சாக்பீஸ் கோட்டைக் கட்டைவிரலால் அழித்தார். வயரைச் சுருட்டக் குனிந்தார்.

“அது கெடக்கட்டும் சார்” என்றார் அம்மா.

சார் நிமிர்ந்தார். “பின்னாடி ஒண்ணும் கேக்கலன்னு நீங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா?”

“எனக்கு மட்டும் எப்படி சார் தெரியும்? நானும் இத்தனை நாளா உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்.”