மீன்கொத்தியின் இடப்பக்கம்

நாணற்குளத்தின் கரையில் கருமுகன் என்னும் கருங்குரங்கு வாழ்ந்து வருகிறது. அதன் உச்சி இப்போது நரைத்துவிட்டது. மாலை வெயில் சாயும்போது அது குளத்தோரப் பாறையில் வந்து அமரும். மற்ற விலங்குகள் நீரைப் பார்த்து அமரும். கருமுகன் மட்டும் நீருக்கு முதுகைக் காட்டி அமரும். அதன் மடியில் பழைய ரிமோட் ஒன்று கிடக்கும். புதிதாக நீர் அருந்த வரும் மான்கள் அதைக் கண்டு சிரிப்பதுண்டு. அந்தக் கோடையை அறிந்த உயிர்கள் சிரிப்பதில்லை.

அந்தக் கோடையில் கொண்டைச்சி இக்கரையில் இருந்தது.

கொண்டைச்சி ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி. அதன் இனத்துக்கு அரிய திறமை ஒன்று உண்டு. இறக்கைகளை விடாமல் அடித்தபடி, நீருக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கும். கீழே மீன் தெரிந்ததும் கல்லைப்போல் பாயும். அவ்வாறு காற்றில் நிற்பதில் கொண்டைச்சிக்கு நிகர் அந்தக் குளத்தில் எவரும் இல்லை. ஒரு நாள் பருந்து அதை அடித்தது. உயிர் தப்பியது, ஆனால் வலது இறக்கை முறிந்துபோயிற்று.

குளத்தின் நடுவே செம்மண் திட்டு ஒன்று இருந்தது. சுவர்போல் செங்குத்தான அதன் பக்கங்களில் வளை தோண்டி மீன்கொத்திகள் குஞ்சு பொரித்தன. தம் கூட்டத்தில் ஒன்று இரை தேட முடியாமல் போனால், மற்றவை அதற்கு ஊட்டுவது அவற்றின் வழக்கம். ஆனால் முட்டைகளை விட்டு அவற்றால் கரைக்கு வர இயலவில்லை. "வந்துவிடு, கொண்டைச்சி" என்று பகலெல்லாம் அங்கிருந்தே அழைத்தன.

எப்படிப் போவது? குளத்தில் முதலை இருந்தது. கொண்டைச்சி கரையோரச் சேற்றில் துள்ளும் பொடிமீன்களைக் கொத்திக் காலம் கழித்தது. மழை வந்தால் அந்தச் சேறும் மூழ்கிவிடும். பிறகு அதற்கு இரை இல்லை.

அப்போது குளத்தருகே கூடாரம் அடித்துத் தங்கிய சுற்றுலாக்காரர்கள் ஒரு பொம்மை ஹெலிகாப்டரைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அது வசப்படவில்லை. எழும்பும், தள்ளாடும், கவிழும். சலித்துப்போய் அதை ரிமோட்டோடு புதரில் எறிந்துவிட்டுச் சென்றார்கள். ஆளில்லாத காவல் குடிலின் கூரையில் சூரியத் தகடு இருந்தது. அதிலிருந்து தொங்கிய கம்பியில் பேட்டரியைச் செருகி வைத்தால் அதற்கு மறுபடி உயிர் வரும் என்பதைக் கருமுகன் மரத்திலிருந்து பார்த்து வைத்திருந்தது.

"கொண்டைச்சி, இது உன்னைப்போல் காற்றில் நிற்குமாம்" என்றது கருமுகன்.

"நான் பார்த்தவரை அதற்குக் குப்புற விழத்தான் தெரிகிறது."

"நான் நிற்க வைக்கிறேன். உன்னை ஏற்றிக்கொண்டுபோய்த் திட்டில் விடுகிறேன்."

"தேன்கூட்டை நோகாமல் எடுத்துத் தருகிறேன் என்றும் ஒருமுறை சொன்னாய். அப்புறம் உன் முகம் பலாப்பழம்போல் வீங்கிக் கிடந்தது."

நீரிலிருந்து முதலை தலையைத் தூக்கியது. "தாராளமாக ஏற்றிவிடு, குரங்கே. திட்டுவரை போகாவிட்டாலும், பாதி வழியில் நான் வரவேற்றுக்கொள்கிறேன்."

"உங்கள் விருந்தோம்பலைக் காடே அறியும், முதலையாரே" என்றது கருமுகன்.

மறுநாளே மணல்வெளியில் பயிற்சி தொடங்கியது. ஹெலிகாப்டர் எழும்பியது, தள்ளாடியது, கவிழ்ந்தது. கருமுகன் இரண்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்காக வைத்து, அதன் கால்களோடு நாரால் கட்டியது. கால் அகன்றதும் கவிழ்வது குறைந்தது. ஆனால் நிற்பது மட்டும் வரவில்லை. இடப்பக்கம் சாய்ந்தால் கருமுகன் பதறி வலப்பக்கம் தள்ளும். அது வலப்பக்கம் பாயும். மறுபடி பதறி இடப்பக்கம் தள்ளும். சிறு பிழையைப் பெரிய திருத்தத்தால் பெரும் பிழையாக்குவோர் மனிதர்களிலும் உண்டல்லவா?

"கிளையைப் பிடிப்பதுபோல் ரிமோட்டின் குச்சியைப் பிடிக்கிறாய்" என்றது கொண்டைச்சி.

"வேறு எப்படிப் பிடிப்பது?"

"காற்றில் நிற்கும்போது நானும் சாய்ந்துகொண்டேதான் இருப்பேன். சாய்வது வெளியே தெரிவதற்குள் சிறிதாய்த் திருத்திக்கொள்வேன். நீ பேன் பார்ப்பாயே, அந்த விரலால் தள்ளு."

கருமுகன் பேன் பார்க்கும் விரலால் தள்ளியது. பல நாள் முயற்சிக்குப் பின் ஒரு காலையில், ஹெலிகாப்டர் மணலுக்குச் சற்று மேலே எழும்பி நின்றது. அதன் நிழலும் அதன் அடியிலேயே நின்றது.

கொண்டைச்சி அந்த நிழலையே பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது: "நானும் இப்படித்தான் நின்றேனா?"

"இதைவிட அழகாய். இது இரைகிறது. நீ இரைந்ததில்லை."

"இரைந்திருப்பேன். நீதான் தூரத்தில் இருந்தாய்."

அன்று முதல் கொண்டைச்சி அதில் ஏறி அமர்ந்து பழகியது. ஹெலிகாப்டரின் வால் குரங்கின் பக்கமும், மூக்கு எதிர்ப்பக்கமும் இருந்தவரை எல்லாம் நன்றாக நடந்தது. ஒரு நாள் காற்று வீசி அதைத் திருப்பிவிட்டது. இப்போது கொண்டைச்சியின் முகம் கருமுகனை நோக்கி இருந்தது.

"இடப்பக்கம் தள்ளு!" என்று கத்தியது கொண்டைச்சி.

கருமுகனின் கண்ணுக்கோ, ஹெலிகாப்டர் ஏற்கெனவே இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆகவே வலப்பக்கம் தள்ளியது. ஹெலிகாப்டர் முன்னிலும் வேகமாக அதே பக்கம் ஓடி முட்புதரில் மோதியது. கொண்டைச்சியின் வால் இறகுகள் முள்ளில் சிக்கிப் பிய்ந்தன.

"இடப்பக்கம் என்றுதானே சொன்னேன்?"

"நீ இடப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தாய். என் கண் பொய் சொல்லுமா?"

"என் உடம்பு பொய் சொல்லுமா? நான் வலப்பக்கம் சரிந்தேன்."

"இடம் வலம் தெரியாத பறவை."

"பொம்மையை நிறுத்தத் தெரியாத குரங்கு."

"இருவரும் இங்கே இறங்கி வாருங்கள். நான் தீர்ப்புச் சொல்கிறேன்" என்றது முதலை.

அதன்பின் இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. கொண்டைச்சி ஒரு வேரின் அடியில் ஒண்டிக்கொண்டது. மேற்கே மேகம் திரண்டு வந்தது.

மனம் பொறுக்காமல் கருமுகன் முட்புதருக்குச் சென்றது. ஹெலிகாப்டரை நிமிர்த்தி வைத்து, அதன் வாலுக்குப் பின்னே அமர்ந்து, ரிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ளிப் பார்த்தது. மேலிருந்த விசிறியும் இடப்பக்கமே சாய்ந்தது. பின்பு நிமிர்ந்து, தான் அன்று நின்ற இடத்தைப் பார்த்தது. அந்த இடம் நேர் எதிரே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் இந்த இடப்பக்கம் வலப்பக்கமாகத் தெரியும்!

கருமுகன் வேரடிக்கு ஓடியது. "கொண்டைச்சி, நீ சொன்னது சரி."

"இப்போதாவது தெரிந்ததே."

"நான் சொன்னதும் சரி."

"மறுபடியும் ஆரம்பிக்காதே."

"கொஞ்சம் கேள். நாம் எதிரெதிரே இருந்தோம். என் இடம் உனக்கு வலம். ஆனால் பறந்தது நீ, விழுந்ததும் நீ. ஆகையால் இனி உன் இடப்பக்கம்தான் இடப்பக்கம்."

அன்று முதல் கொண்டைச்சியின் முகம் தன்னை நோக்கித் திரும்பும்போதெல்லாம், கருமுகன் தானும் சட்டெனத் திரும்பிக்கொண்டது. அதற்கு முதுகைக் காட்டி, தோளுக்கு மேலாகக் கழுத்தை வளைத்துப் பார்த்தபடி ஓட்டியது. இருவருக்கும் இடமும் வலமும் ஒன்றாயின.

மழையின் மணம் காற்றில் வந்த நாளில் கொண்டைச்சி கேட்டது: "பேட்டரி இளைத்துவிட்டது. எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் போகத்தான் போதும், திரும்பி வரப் போதாது. தெரியுமா?"

"தெரியும்."

"அதன்பின் நீ திட்டுக்கு வர முடியாது. நானும் இங்கே வர முடியாது."

"அதுவும் தெரியும்."

"தெரிந்துமா இத்தனை நாள் பழகினாய்?"

"தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கற்றிருப்பேன்" என்றது கருமுகன்.

சுமையைக் குறைக்க மூங்கில் குச்சிகளை அவிழ்த்தது. கொண்டைச்சியை ஏற்றியது. ஹெலிகாப்டர் கரையை விட்டு நீருக்கு மேலே சென்றது. அதன் நிழலைத் தொடர்ந்து முதலையும் நீந்தியது.

திட்டின் செம்மண் சுவரிலிருந்து ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. கொண்டைச்சி அதில்தான் தாவ வேண்டும். இறங்க வேறு இடமில்லை. வேரை நெருங்கும்போது, சுவரில் மோதித் திரும்பிய காற்று ஹெலிகாப்டரைக் கரையை நோக்கித் திருப்பிவிட்டது. கருமுகன் ஒரு கணமும் தயங்காமல் குளத்துக்கு முதுகைத் திருப்பியது.

முதலை வாயைப் பிளந்தபடி சிரித்தது. "பார், உன் நண்பனை! ஆபத்து வந்ததும் முதுகைக் காட்டிவிட்டான்."

"எனக்காகத்தான் காட்டுகிறான்" என்ற கொண்டைச்சி, கரையை நோக்கிக் குரல் கொடுத்தது: "இடப்பக்கம், சிறிதாய்."

கருமுகனின் விரல் அசைந்தது.

"இன்னும் சிறிதாய். பேன் அளவு."

ஹெலிகாப்டர் வேரின் எதிரே வந்து நின்றது. தள்ளாடவில்லை. ஆனால் கொண்டைச்சி தாவவில்லை.

"தாவு, கொண்டைச்சி! பேட்டரி தீர்கிறது" என்று கத்தியது கருமுகன்.

"ஒரு கணம் இரு. மீன் தெரிகிறது."

கொண்டைச்சி தன் பழைய உயரத்தில், தன் பழைய குளத்தின் மேல், அசையாமல் நின்று கீழே பார்த்தது. வெள்ளிபோல் ஒரு மீன் புரண்டு மறைந்தது. அதன்பின் கொண்டைச்சி வேரில் தாவியது. கூட்டம் ஆரவாரத்துடன் சூழ்ந்துகொண்டது.

அப்போதே விசிறி ஓய்ந்தது. ஹெலிகாப்டர் நேராக முதலையின் வாயில் விழுந்தது. முதலை ஒருமுறை கடித்துப் பார்த்துத் துப்பியது. "எல்லாம் எலும்பு" என்று முணுமுணுத்தபடி மூழ்கிப்போயிற்று.

கருமுகன் திரும்பிப் பார்த்தபோது வேரின் மேல் ஒன்றும் இல்லை. வளையின் வாயில் ஒரு வெள்ளை இறகு மட்டும் அசைந்து உள்ளே மறைந்தது. அன்று மாலையே மழை வந்து கரையோரச் சேற்றை மூடிவிட்டது.

ஆண்டுகள் பல சென்றன. கொண்டைச்சி இன்றும் திட்டில் இருக்கிறது. மற்றவை இரைக்குச் செல்லும்போது குஞ்சுகளைக் காத்து, அவை கொண்டுவரும் மீனை உண்டு வாழ்கிறது. மாலை வெயில் சாயும்போது வேரில் வந்து அமர்ந்து கரையை நோக்கும். பாறைமேல் ஒரு கரிய முதுகு தெரியும்.

"இடப்பக்கம், சிறிதாய்" என்று அது கூவும்.

பாறையில் கருமுகன், உயிரற்ற ரிமோட்டின் குச்சியைப் பேன் அளவு இடப்பக்கம் தள்ளும்.

ஒருவருக்குத் துணைசெய்ய விரும்புவோர், எதிரே நின்று தம் இடவலத்தால் அவரை அளவிடாமல், அவர் நோக்கும் திசைக்கே தம்மைத் திருப்பிக்கொண்டு துணைசெய்தல் வேண்டும்.