நடந்து போன அரியணை

முன்னொரு காலத்தில், ஏழு சீமைகளை ஆண்ட அரசன் ஒருவனுக்குப் புகார்களைக் கேட்டுக் கேட்டே வாழ்க்கை சலித்துப் போயிற்று.

அன்றும் ஒருத்தி வந்து நின்றாள். குருந்தாயி என்று பெயர். மேற்குச் சீமையிலிருந்து ஒன்பது நாள் நடந்து வந்தவள்.

"சாமி, எங்க சீமை நீதிபதி தாண்டவரு, என் கெணத்தைத் தன் மச்சினனுக்கே தீர்ப்பு எழுதிட்டாரு. அவரு மேல அங்க யாருகிட்டச் சொல்றது? அதையும் அவருகிட்டயேதான் சொல்லணுமாம்."

தலைமை நியாயாதிபதி அனந்தகோடி எழுந்தார். "அரசே, நீதிபதிகள்மீதான புகாரை அரியணையின் அடியில் மட்டுமே விசாரிக்கலாம் என்பது விதி. சீமைக்காரர்கள் விசாரித்தால் நீதிபதிகளின் மதிப்பு என்னாவது?"

அரசன் கண்களை மூடிக்கொண்டான். "விதி மாற வேண்டாம். ஆனால் இனி ஒருவரும் இப்படி நடந்து வரவும் கூடாது. யாராவது வழி செய்யுங்கள்."

அனந்தகோடிக்கு விகடகவி கொன்றையனைக் கண்டாலே ஆகாது. "கொன்றையன் செய்யட்டும். முடியாவிட்டால் அவையை விட்டு விலகட்டும்" என்றார். அரசனும் தலையசைத்தான்.

கொன்றையனுக்கு வயதாகியிருந்தது. குருந்தாயியின் வெடித்த பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு வண்டி போதும், அரசே" என்றான்.

அரசன் வேட்டைக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பினான். அவையில் அரியணையைக் காணோம். "ஆணைப்படி கொன்றையன் மேற்குச் சீமைக்கு ஏற்றிப்போனார்" என்றான் காவலன். அரசன் அனந்தகோடியையும் கூட்டிக்கொண்டு குதிரையில் விரைந்தான்.

அங்கே ஒரு பந்தலில் அரியணை காலியாக இருந்தது. அதன் அடியில் அந்தச் சீமைக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தாண்டவர் வியர்த்து நின்றார்.

"மச்சினன் வழக்குன்னு தெரிஞ்சும் நீங்களே ஏன் விசாரிச்சீங்க?" என்று ஐவரில் ஒருத்தி கேட்டாள்.

"என்ன துணிச்சல், கொன்றையா!" என்றான் அரசன்.

"மக்கள் நடக்கக் கூடாதென்றால் அரியணைதானே நடக்க வேண்டும், அரசே?"

"அரசர் இல்லாமல் விசாரணையா?" என்று சீறினார் அனந்தகோடி.

"விதியில் அரியணை என்றுதானே சொன்னீர்கள், ஐயா? அரசர் என்று சொல்லவில்லையே."

அரசனுக்கு முதலில் களைத்த சிரிப்புதான் வந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். தாண்டவரின் பதவி போயிற்று. கிணறு குருந்தாயிக்குத் திரும்பியது. ஒவ்வொரு சீமையிலும் மக்களில் ஐந்து பேர், நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்க வேண்டும் என்றும், மற்ற ஆறு சீமைகளுக்கும் அனந்தகோடியே அரியணையைக் கொண்டுபோக வேண்டும் என்றும் ஆணை பிறந்தது.

"உனக்கு என்ன வேண்டும், கொன்றையா?"

"தூக்கம், அரசே. முதுகு விட்டுப்போயிற்று."

அரசன் தன் பொன்னாடையை எடுத்துப் போர்த்தினான். கொன்றையன் அதை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு பந்தலிலேயே படுத்தான். பக்கத்தில் அடுத்த ஆள் தன் புகாரைச் சொல்லத் தொடங்கியிருந்தான்.