பின்னால் ஓடுபவை

கோவில்பட்டியில் மீரான் என்பவன் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்து வந்தான். அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவனிடம் படித்தவர்களில் சண்முகத்தாய் எல்லோரையும்விட மூத்தவள். அவள் அவனை சார் என்பாள். அவன் அவளை அக்கா என்பான்.

ஒரு நாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே அவள் வந்து நின்றாள். தலைகூட வாரியிருக்கவில்லை.

"சார், பழைய கம்ப்யூட்டர்ல ஒரு கேம் நிக்காம ஓடணும். என்ன செய்யணும்?"

மீரான் சிரித்தான். "கேமா? நீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பும் நின்றது.

"உக்காருங்கக்கா. என்னன்னு சொல்லுங்க."

உட்காராமலே சொன்னாள்.

அவளுக்கு ஒரே தம்பி, இசக்கிராஜ். தாயும் தகப்பனும் போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறினான். இறங்கியதும் வேனில் ஏற்றினார்கள். எங்கெங்கோ கொண்டுபோய் உயரமான சுவருக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் ஆன்லைனில் இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்ற வேண்டும், அதுதான் வேலை. மாட்டேன் என்றவர்களுக்கு அடி. போனைப் பிடுங்குவதற்கு முன், கழிவறையில் ஒளிந்து நின்று அக்காவிடம் இவ்வளவையும் சொன்னான். எந்த இடம் என்று அவள் கேட்டபோது யாரோ கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. அதோடு சரி.

அவள் புகாரை வாங்கிய போலீஸ் அதிகாரி நல்ல மனிதர்தான். "இடம் தெரியாம நாங்க யார்கிட்டம்மா கேக்குறது?" என்றார்.

அதன்பின் மாதக்கணக்கில் தம்பியிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

அக்காவும் தம்பியும் முன்பு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒரு தீவு. அதில் மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், குடிசை கட்டலாம். யார் எங்கிருந்து வேண்டுமானாலும் அந்தத் தீவுக்குள் வரலாம். அவன் இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் போன வாரம் அவள் அதைத் திறந்தாள். அவன் கட்டிய குடிசையைப் பார்த்தால் போதும் என்றுதான் திறந்தாள்.

குடிசை வாசலில் அவன் உருவம் நின்றுகொண்டிருந்தது.

'அக்கா' என்று சாட்டில் ஒரு சொல் வந்தது. அதோடு திரை உறைந்துவிட்டது. மறுபடி திறந்தபோது வாசலில் யாரும் இல்லை.

"காவலுக்கு இருக்கிறவன் சாப்பிடப் போற நேரம் பாத்து வர்றான் போல சார். மத்தியானம் எப்ப வருவான்னு சொல்ல முடியல. வந்தா கொஞ்ச நேரம்தான். நேத்து திரும்பவும் வந்தான். 'இந்த வாரக் கடைசில எங்கள வேற எடத்துக்கு'ன்னு எழுதுனான். அதுக்குள்ள நின்னுருச்சு."

"வேற எடத்துக்குக் கொண்டுபோயிட்டா?"

"அங்க கம்ப்யூட்டர் பக்கம் விடுவாங்களோ மாட்டாங்களோ. அதுக்குள்ள எடத்தச் சொல்லிரணும் சார். சொல்றப்ப இது நிக்கக் கூடாது."

வேறு கம்ப்யூட்டர் கொடுக்க மீரானிடம் இல்லை. கடையில் இருந்தவை பழுதுக்கு வந்த மற்றவர்களுடையவை. அவனுடைய சொந்தக் கம்ப்யூட்டர் அவளுடையதைவிடப் பழையது. வகுப்பைப் பூட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான்.

வீட்டில் அவன் முதலில் பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த தூசியைப் பிரஷ்ஷால் தள்ளினான். சிப்பின் சூட்டை இறக்கும் பசை காய்ந்து போயிருந்தது; அதைச் சுரண்டிவிட்டு, புதுப் பசை வைத்து அதன்மேல் சின்ன மின்விசிறியைத் திரும்ப முடுக்கினான். பெட்டியை மூடாமல் பக்கத்தில் மேஜை ஃபேனைத் திருப்பி வைத்தான். பிறகு திரையின் முன் உட்கார்ந்தான்.

"இதெல்லாம் என்னக்கா?"

"வேகமாக்குறதுன்னு போட்டிருந்துச்சு. எறக்கினேன்."

"மூணா?"

"ஒண்ணு போட்டும் சரியாவல. பயத்துல இன்னொண்ணு போட்டேன்."

மூன்றையும் நீக்கினான். ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்த இரண்டு வைரஸ் காவல்களில் ஒன்றை எடுத்தான். பிறகு விளையாட்டைத் திறந்தான். நிழல்களை அணைத்தான். கடலின் அலையை அணைத்தான். இலைகள் ஆடுவது நின்றது. புல் மறைந்து தரை வழுக்கையானது. பாட்டும் பறவைச் சத்தமும் போயின.

தம்பியோடு அவள் உட்கார்ந்து மீன் பிடித்த கரை, பச்சை அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிட்டது. அவள் தடுக்கவில்லை.

தூரப் பார்வையைக் குறைத்தபோது மட்டும் அவன் கையைப் பிடித்தாள்.

"தூரத்துல வர்றது தெரியாதே சார்."

"தெரியாது."

"வந்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னா?"

"உங்களத் தேடி வர்றவன்க்கா. பக்கத்துல வருவான்."

அவள் கையை எடுத்தாள். குடிசையைச் சுற்றி வெண்புகை வந்து மூடிக்கொண்டது.

விளையாட்டு முன்பைவிட நன்றாக ஓடியது. ஆனாலும் இடையிடையே திக்கியது. மீரான் பின்னணியில் என்னென்ன ஓடுகின்றன என்று பார்த்தான்.

"இது என்ன?"

"அதத் தொடாதீங்க சார்."

"என்னக்கா அது?"

"திரையில வர்றத எல்லாம் பதிவு பண்ணும். அவனப் பாத்ததும் எனக்குக் கண்ண இருட்டிட்டு வருது. நெஞ்சு அடிக்கிற அடியில ஒரு எழுத்துகூட மண்டையில ஏற மாட்டேங்குது. நான் விட்டுட்டாலும் அது பிடிச்சு வச்சுக்கிடும்ல."

"நேத்து பதிவானதப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

அவள் பதிவைத் திறந்து காட்டினாள். உறைந்துபோன குடிசை ஒன்று ஒரு மணி நேரத்துக்கு அசையாமல் அதில் இருந்தது. அவன் எழுதிய அந்த அரை வரிக்கு மேல் எதுவும் இல்லை.

"இருக்கிறதுலயே அதிகமா இழுக்கிறது இதுதான்" என்றான் மீரான்.

"இதையும் எடுத்துட்டா என்கிட்ட ஒண்ணுமே இருக்காது சார்."

"ஆமா."

அவன் அதை அணைக்கவில்லை. மௌஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துகொண்டான். அவள் உட்கார்ந்தாள். அம்பை அதன்மேல் கொண்டுபோவதும் விலக்குவதுமாக இருந்தாள். வெளியே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் தெருமுனை தாண்டிய பிறகு அவள் அதை அணைத்தாள்.

காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. தண்ணீர் வாயருகே போய்த் திரும்பியது. திரையில் புகையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நேற்று அவன் எழுதியதை யாராவது பார்த்திருந்தால்? அந்த ஆத்திரத்தில் அவனை என்ன செய்திருப்பார்கள்?

புகைக்குள்ளிருந்து ஒரு உருவம் வந்தது.

"சார்!"

திரும்பிப் பார்த்தாள். பின்னால் மீரான் இல்லை.

"சார்! வந்துட்டான், வாங்க!"

பதில் இல்லை. எழுந்து ஓடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். அதற்குள் சாட்டில் எழுத்து விழுந்தது. 'அக்கா இருக்கியா.'

'இருக்கேன். எடத்தச் சொல்லு.'

'ஆத்துப் பாலம். அதுக்கு வடக்க.'

அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். ஆத்துப் பாலம், வடக்க.

'பழைய லாட்ஜ். வாசல்ல ரெண்டு கல்லு யானை. மொட்டை மாடில பச்சை டேங்க்.'

கல்லு யானை. பச்சை டேங்க். புது வரி வர வர மேலே இருந்த வரி மறைந்தது. பேனாவையோ போனையோ தேட நேரம் இல்லை; அவள் வாய் நிற்கவில்லை.

'கேட்டு மேல பேரும் ஊரும் இருக்கு. அவங்க பாஷைல. கீழ இங்கிலீஷ்ல. எழுத்து எழுத்தா போடறேன்.'

ஒவ்வொரு எழுத்தாக வந்தது. அடிச்சாங்களாடா, சாப்பிட்டியாடா என்று கேட்க அவள் விரல் துடித்தது. 'மேல சொல்லு' என்று மட்டும் எழுதினாள். எழுத்து முடிந்தது.

'எத்தன பேர் இருக்கீங்க?'

'நம்ம பயலுக நெறைய. வர்றான்'

உருவம் மறைந்தது. திரை ஓடிக்கொண்டிருந்தது. புகை அசைந்தது.

அவள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து பின்வாசலுக்குப் போனாள். துவைக்கிற கல் பக்கத்தில் மீரான் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். போன் அவன் கையில் தயாராக இருந்தது.

"பாத்தீங்களா சார்?"

"இல்லக்கா. சொல்லுங்க."

சொன்னாள். அவன் அந்த அதிகாரிக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தான். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். பாலம், யானை, டேங்க், பேர், ஊர், ஒவ்வொரு எழுத்தாக. எங்கும் திக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

உடனே எதுவும் தெரியவரவில்லை. வாரக் கடைசி வந்தது, போனது. குடிசை வாசல் காலியாகவே கிடந்தது. சண்முகத்தாய் தினமும் மத்தியானம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் மணி அடித்தால் எடுக்கவும் பயம். அடிக்காவிட்டாலும் பயம்.

பிறகு ஒரு காலையில் அதிகாரியே நேரில் வந்தார். அந்த நாட்டுப் போலீஸ் பாலத்துக்கு வடக்கே அந்தக் கட்டடத்தைத் திறந்துவிட்டது என்றார். அந்த வாரக் கடைசியில், சாமானெல்லாம் கட்டி, வேன் வந்து நின்ற நேரத்தில் உள்ளே போயிருக்கிறார்கள்.

இசக்கிராஜ் வந்து சேர்ந்தபோது பாதி ஆளாக இருந்தான். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஆனால் வந்துவிட்டான்.

சண்முகத்தாய் மறுபடி வகுப்புக்கு வரத் தொடங்கினாள். ஒரு நாள் மற்றவர்கள் போன பிறகு அவள் கேட்டாள்.

"சார், எனக்கு இன்னும் நெனச்சா பயமா இருக்கு. அன்னைக்கு நான் ஒரு எழுத்த மாத்திச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? பக்கத்துலயே இருந்தீங்க. நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

மீரான் கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையின் தூசியை மெதுவாகத் தட்டினான்.

"நான் பக்கத்துல நின்னிருந்தா, சார் பிடிச்சு வச்சுக்கிடுவார்னு நீங்க விட்டிருப்பீங்க. வேண்டாதது எல்லாத்தையும் நிறுத்தினோம்லக்கா" என்றான். "மிச்சம் பின்னால ஓடிக்கிட்டிருந்தது நான் ஒருத்தன்தான்."