ஒழுக்க ஓலையும் காட்டாமணக்கு எண்ணெயும்

ஒரே ஒரு ஊர்ல வெயிலுமுத்துன்னு ஒரு மல்லன் இருந்தானாம். ஆளு மலை, மனசு பச்சப்புள்ள. தொடையத் தட்டிட்டு கோதாவுல இறங்குனான்னா எட்டூரு மல்லனும் மண்ணக் கவ்வுவான். அதே ஊர்ல தாண்டவராயன்னு ஒரு எண்ணெய் வியாபாரி. அவன் சும்மா கிடப்பானா? ஓடுனான் மல்லன் வீட்டுக்கு.

"ஏலே வெயிலுமுத்து, உன் கச்சையில என் செக்குப் படத்தப் போட்டுக்கோ. சண்டைக்கு முன்னாடி என் நல்லெண்ணெயத் தேச்சுக்கிட்டு, 'எம் பலமெல்லாம் தாண்டவராயன் எண்ணெய்'னு மூணு தரம் கத்து. வருசத்துக்குப் பத்துக் கோட்டை நெல்லு தாரேன்."

"அம்புட்டுத்தானா மொதலாளி?"

"அம்புட்டேதான். சின்னதா ஒரு ஒழுக்க ஓலை மட்டும்."

சின்னதாம்! கட்ட அவுத்தா அறுபது ஏடு. குடிக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது (மல்லன்கிட்ட சொல்றான் பாருங்க!), எண்ணெய்க்கு மானக்கேடு வர்ற எதையும் செய்யக் கூடாது. செஞ்சா, மாட்டுக்குப் பதிலா பன்னெண்டு வருசம் செக்கு இழுக்கணும்.

மல்லனுக்கு எழுத்து தெரியாது, ஊரு வழக்கம் தெரியும். "எங்க ஐயனாரு முன்னால ஒத்த ஆளு சத்தியம் செல்லாது மொதலாளி. நான் சொல்றதையே நீங்களும் சொல்லணும்"னான். 'என்னைய எவன் கேக்கப் போறான்'னு நெனச்சுக்கிட்டு வியாபாரியும் கற்பூரத்த அணைச்சு அதே சத்தியத்தப் பண்ணிட்டான். இத ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் என்னாச்சு, மல்லன் சந்தையில கெக்கேபிக்கேன்னு சிரிச்சான். வந்தான் வியாபாரி. "மானக்கேடு! எண்ணெய்க்கு மானக்கேடு!" சரின்னு சிரிப்ப விட்டான். மச்சான் கல்யாணத்துல மேளத்துக்கு ஆடுனான். "மானக்கேடு! எண்ணெய்க்கு மானக்கேடு!" ஆட்டத்தையும் விட்டான். அப்புறம் அவன் ஆத்தா செத்துப் போனா. பெத்தவளுக்கு அழ வாயத் தொறந்தான் பாவம். "மானக்கேடு! மல்லனே அழுதா எண்ணெய் எப்படிலே விக்கும்?" அழுகையையும் முழுங்கிட்டான். இத்தனைக்கும் அந்த வியாபாரி நித்தம் ஒரு மொந்தை கள்ளு குடிக்கிறவன்!

எண்ணெய் ஆறா ஓடிச்சு. எள்ளு பத்தல. தாண்டவராயன் என்ன செஞ்சான், வேலியில கெடந்த காட்டாமணக்கு வெதைய ஆட்டி ஊத்திக் கலந்துட்டான்.

திருவிழா வந்துச்சு, ராசா வந்து உக்காந்தாரு. மல்லன் எண்ணெயத் தேச்சான். "எம் பலமெல்லாம் தாண்டவராயன் எண்ணெய்!" முதுகு அரிச்சுச்சு. "எம் பலமெல்லாம் தாண்டவராயன் எண்ணெய்!" மாரு அரிச்சுச்சு. மூணாந்தரம், "எம் பலமெல்லாம்... ஐயோ ஆத்தா, இந்த எண்ணெய் அரிக்குதே!"

ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. ஓலைக்கட்டத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தான் வியாபாரி. "மகாராசா, மானக்கேடு! சபையில என் எண்ணெயப் பழிச்சுட்டான். இவன் செக்கு இழுக்கணும்!"

மல்லன் ராசா காலுல விழுந்தான். பன்னெண்டு வருசம்! ராசா வியாபாரியக் கேட்டாரு: "எண்ணெய் அரிக்காதுங்கிற?"

"சந்தனம் மகாராசா!"

"அப்ப இவனுக்கே தேய்ங்கடா."

"ஐயய்யோ, எனக்குச் சளி மகாராசா! எண்ணெய் ஆகாது!"

"தேய்ங்கடா!"

தேச்சாங்க. கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னான். அப்புறம் மண்ணுல விழுந்து பொரண்டான். "காட்டாமணக்கு! காட்டாமணக்கு! யாராச்சும் தொடச்சு விடுங்கய்யா!"

மல்லன் மெதுவாக் கை கட்டிக்கிட்டுச் சொன்னான்: "மகாராசா, எண்ணெய்க்கு மானக்கேடு செஞ்சா செக்கு இழுக்குறேன்னு மொதலாளியும் ஐயனாரு முன்னால கற்பூரம் அணைச்சிருக்காருங்க."

"அப்படியா சங்கதி! பூட்டுங்கடா நொகத்தடியில!"

மறுநா காலையில தாண்டவராயன் செக்கச் சுத்துறான், கெழட்டு மாடு வேப்பமர நெழல்ல படுத்து வேடிக்கை பாக்குது. மல்லன் அதப் பாத்துச் சிரிச்சான். அப்புறம் நேரா சுடுகாட்டுக்குப் போயி, ஆத்தாவ எரிச்ச எடத்துல விழுந்து, ஊரு கேக்க வாய்விட்டு அழுதான். மானக்கேடுன்னு ஒருத்தரும் சொல்லல.

அடுத்தவன் ஒழுக்கத்துக்கு ஓலை எழுதுறவன் மொதல்ல தன் முதுகத் தடவிப் பாத்துக்கணும். மாடு அசை போட்டுச்சாம், கதை அதோட போச்சாம்.